மூன்று குரல்களின் சுருதி

பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் வானவர் கீதம் முடிந்ததும் ஆலய மணிகள் ஓய வேண்டும் என்பது கத்தோலிக்க வழிபாட்டு ஒழுங்கு. பாஸ்கா திருவிழிப்பில் அக்கீதம் மீண்டும் எழும்வரை இசைக்கருவி பாடுவோரைத் தாங்குவதற்கு மட்டுமே ஒலிக்கலாம். கொழும்புப் பேராயரின் தலைமைக் கோயிலான கொட்டாஞ்சேனைப் புனித லூசியா பேராலயத்துக்கும் இதுவே விதி. யோவான் நற்செய்தியின் 18, 19ஆம் அதிகாரங்களாகிய திருப்பாடுகள் இந்த இடைவெளியில்தான், பெரிய வெள்ளியன்று, கருவித்துணையின்றி எழுகின்றன.

இன்று பல இடங்களில் அவை வாசிக்கப்படுகின்றன. பாடப்படும்போது பகுதி மூன்றாகப் பிரியும்: கதை சொல்பவர், கிறிஸ்து, ஏனையோர். இடைக்காலப் படிகளில் இதற்கெனச் சிற்றெழுத்துகள் இட்டனர். கதை சொல்பவருக்கு இலத்தீனில் 'விரைந்து', கிறிஸ்துவுக்கு 'நிறுத்தி', மற்றவர்க்கு 'உயர்த்தி' என்று பொருள்தரும் சொற்களின் முதலெழுத்துகள் அவை. யார் பேசுகிறார் என்பதைவிட, எப்படிப் பாடுவது என்பதையே அவை முதலில் குறித்தன.

உரோமை மரபு மெட்டில் கிறிஸ்துவின் குரல் நிற்கும் சுரத்தை நம் கணக்கில் ஆதார ஷட்ஜம் என்று கொண்டால், கதை சொல்பவர் பஞ்சமத்தில் நிற்பார். கூட்டம் மேல் ஷட்ஜத்தில் நிற்கும். ச, ப, மேல் ச. கர்நாடக இசை கேட்டுப் பழகிய செவி உடனே இனம் காணும் அடுக்கு இது. தம்புரா மீட்டுவதும் இவற்றையே. வெளியிலிருந்து சுருதி தரக் கருவி இல்லாத நாளில், பாடுவோர் மூவருமே சுருதியாகிறார்கள். தனியே பாடும் குரல் மெல்ல மெல்ல இறங்கிவிடுவது இயல்பு. ஆயினும் ஒருவர் விட்ட சுரத்திலிருந்து அடுத்தவர் தம் இடத்தைச் செவியாலேயே கண்டுகொள்ளலாம். எட்டாம் சுரமும் ஐந்தாம் சுரமும் பிடிப்பதற்கு எளியவை அல்லவா?

பின்வந்தோர் கூட்டத்தின் சொற்களைப் பல குரல் இசையாக விரித்தனர். ஸ்பானியரான விக்டோரியா 1585இல் உரோமையில் வெளியிட்ட புனித வாரத் தொகுப்பில் அத்தகைய பகுதிகள் உண்டு. ஹைன்ரிச் ஷூட்ஸ் எண்பதை எட்டிய முதுமையில், 1666இல், மத்தேயு நற்செய்திப் பாடுகளை முழுவதும் கருவியின்றி அமைத்தார். வெனிசில் கருவிச்செழிப்பைக் கற்றுத் தேர்ந்தவர் அவர். பாடுகளின் நாட்களில் டிரெஸ்டன் அரசவைக் கோயிலில் கருவிகளுக்கு இடமில்லை. பாக்கின் பாடுகளில் வாத்தியக்குழு கேட்பவரைத் தேற்றும், ஷூட்ஸ் தேற்றுவதில்லை. அதனாலேயே பெரிய வெள்ளிக்கு அவரே பொருத்தம் என்பது என் எண்ணம்.

ஏனெனில் பரபாவை விடுவிக்கக் கேட்பதும் சிலுவைச் சாவைக் கோருவதும் அந்த மேல் ஷட்ஜத்தில்தான். இன்றைய வழக்கில் அவ்வரிகள் பெரும்பாலும் சபையாருக்கே விழுகின்றன. ஒதுங்கிக்கொள்ள ஓர் ஓர்கன் ஒலிகூட இல்லை. தீர்ப்பைக் கேட்பது தன் வாயே என்பது ஒவ்வொருவர் செவியிலும் படும்.

தமிழ்க் கத்தோலிக்கருக்கு இதன்மேல் இன்னொரு அடுக்கும் உண்டு. கோவாவின் திவார் தீவில் 1676இல் பிறந்து, ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த இலங்கைக்கு 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், பாடுகளைத் தமிழில் 'வியாகுலப் பிரசங்கம்' ஆக்கினார். சிங்களத்திலும் அதற்கு இணையான நூல் தந்தார். தவக்காலத்துப் 'பசன்' பாடல் மரபு அதில் ஊன்றியது. தமிழில் பிரசங்க வாசிப்போடு ஒப்பாரியும் சேர்ந்தது. ஒப்பாரியில் பாடுவோர் அனைவரும் இழவு வீட்டார். பெரிய வெள்ளியன்று சாவைக் கோரும் வாய்களே, அதே சாவுக்காக அழவும் செய்கின்றன.