கேட்பாரில்லாக் கைவினை

கடையில் விலைகொடுத்து வாங்கத்தக்க ஒரு பொருளை, அவ்விலையிலும் பன்மடங்கு பெறுமதியான காலத்தைச் செலவிட்டு ஒருவர் தம் கையாலே செய்துகொள்வாராயின், அச்செயலை எவ்வாறு மதிப்பிடுவது? பொருளியல் நோக்கில் அது வீண். பொழுதுபோக்கு என்று கூறி விட்டுவிடலாம் என்பர் சிலர். ஆயின், ஒரு செயலுக்குப் பெயர் சூட்டிவிடுவதால் அது விளங்கிவிடுவதில்லை. இவ்வினாவைக் கண்டி மண்ணில் வைத்து ஆராய்வது பொருத்தமுடையது. காலத்தைக் காசாக எண்ணாத உழைப்பு ஒருகாலத்தில் இங்கு ஓர் ஒழுங்கமைப்பாகவே நிலவியது.

கண்டியைச் சூழ்ந்த ஊரொன்றில், வீட்டின் பின்புறத்துப் பட்டறையிலே சிறிய லேத் இயந்திரம் ஒன்றை வைத்திருக்கும் ஒருவர், மகாவலியில் தூண்டிலிடுவதற்கான ரீலின் சட்டகத்தைத் தாமே கடைய முற்படுகிறார் எனக் கொள்க. நூல் சுற்றும் உருளையைத் தாங்கி நிற்கும் வட்டக் கூடே சட்டகம் எனப்படுவது. பருத்த அலுமினியத் துண்டொன்றின் உட்புறத்தைக் குடைந்தே அது பெறப்படும். முடிவில் எஞ்சுவது துண்டின் சிறு பகுதி மட்டுமே, ஏனையது சுருள் சுருளாக நிலத்தில் வீழ்ந்து கிடக்கும். உருளைக்கும் சட்டகத்தின் விளிம்புக்கும் இடையே விடப்படும் இடைவெளியிலேதான் வேலையின் உயிர் தங்கியுள்ளது. தூண்டிலின் நுனியிற் கட்டும் மெல்லிய தங்கூசி 0.2 மில்லிமீற்றர் பருமனே உடையதாயின், இடைவெளி அதனிலும் குறைந்திருத்தல் வேண்டும். இன்றேல் நூல் இடுக்கினுட் புகுந்து சிக்கிக்கொள்ளும். உருளையோ எங்கும் உரசாது சுழலவும் வேண்டும். ஆகவே, அச்சு செருகப்படும் துளையும் வெளிவிளிம்பும் ஒரே மையத்தை உடையனவாயிருத்தல் அவசியம். துண்டைப் பிடியிலிருந்து கழற்றி மீண்டும் பொருத்தினால் மையம் விலகுமாதலால், இரண்டையும் ஒரே பிடியிற் கடைந்து முடிப்பதே முறை.

இதிலும் நுட்பமான இடர் ஒன்றுண்டு. சுவர் மெலிந்த வளையத்தை லேத்தின் மூன்று தாடைகளும் இறுக்கிப் பிடிக்கும்போது அது சிறிது நெளிகிறது. நெளிந்த நிலையிலே உட்புறம் பிழையற்ற வட்டமாகக் கடையப்படுகிறது. அளவுகோலும் அதற்குச் சான்று பகர்கிறது. பிடியைத் தளர்த்தியதும் உலோகம் தன் பழைய நிலைக்கு மீள, வட்டம் மும்முனை கொண்டு கோணிவிடுகிறது. அனுபவமுள்ளோர் பிடிப்பதற்கென்றே தடித்த பகுதியொன்றை விட்டுவைத்து, இறுதியிலேயே அதனை வெட்டி நீக்குவர். செய்பவரின் விருப்பத்துக்கோ வாய்ச்சாதுரியத்துக்கோ உலோகம் இணங்குவதில்லை.

இயந்திரத்தாற் செய்வதைக் கைவினை என்பது தகுமா என்னும் ஐயம் இங்கு எழலாம். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்குத் தலைமைதாங்கியவரும், கண்டியக் கலைகள் பற்றிய தமது பெருநூலை 1908இல் 425 பிரதிகளே அச்சிட்டு வெளியிட்டவருமான ஆனந்த குமாரசுவாமி, கருவிக்கும் இயந்திரத்துக்கும் இடையே ஓர் எல்லைக்கோடு வரைந்தார். கம்பளம் நெய்யும் தறி மனிதக் கையின் திறனைப் பெருக்குவது. விசைத்தறியோ வேலையின் மனிதப் பகுதியைத் தானே எடுத்துக்கொள்வது. ஷூமேக்கர் 1973இல் வெளியிட்ட பொருளியல் நூலில் இவ்வேறுபாட்டை எடுத்தாண்டமையால் அது உலகெங்கும் அறியப்படலாயிற்று. இவ்வளவுகோலின்படி, மின்சாரத்தாற் சுழலினும் வெட்டின் ஆழத்தைக் கையே தீர்மானிக்கும் வீட்டு லேத் கருவியின் பக்கமே நிற்கிறது. அரக்குவேலைக்காரரின் கடைசற் கருவியும் அதன் உறவினமே.

கண்டி இராச்சியத்தின் கைவினைஞர் சேவைக்கு ஈடாக நிலம் பெற்றிருந்தனர். அரசவைக்கென நான்கு பட்டறைகள் இயங்கின. உணவை வயல் அளித்தமையால், வேலையை விரைந்து முடிக்கும்படி சந்தை அவரை நெருக்கவில்லை. அவ்வேலையின் செம்மைக்கு இதுவே அடிப்படை எனக் குமாரசுவாமி கருதினார். 1815இல் இராச்சியம் வீழ்ந்தது. 1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கோயிற் சேவைகள் நிலைத்தன. அவரது சித்திரிப்பில் ஒருபுற நோக்கு உண்டென்பதை மறைத்தற்கில்லை. அந்த ஓய்வு சாதியாலும் கட்டாயத்தாலும் வேலியிடப்பட்டிருந்தது. கொல்லன் மகன் கொல்லனாவதைத் தவிர வேறு வழியறியான். பணிப்பவரின் மனம் கோணினால் நிலம் பறிபோகலாம் என்னும் அச்சமும் அச்செம்மையில் கலந்திருந்திருக்கும்.

வீட்டுப் பட்டறைக்காரர் இக்கட்டுகள் அற்றவர். அவரது சோறு வேறொரு தொழிலிலிருந்து வருகிறது; சந்தை அவரையும் நெருக்குவதில்லை. ஓய்வில் அவர் பழைய கைவினைஞரை ஒப்பர். சுதந்திரத்தில் அவரினும் மேம்பட்டவர். எனினும் ஒன்று அவரிடம் இல்லை. எம்பக்கே தேவாலயத்தின் செதுக்குத் தூண்களைப் பார்க்கச் செல்வோர், 26 கைமரங்களை ஓரிடத்தில் பிணைக்கும் மரக் கொளுக்கியை அண்ணாந்து நோக்குவது அரிது. ஆயினும் அதனைச் செய்தவனுக்குக் கூரை வேண்டிநின்ற ஒரு கோயில் இருந்தது. வேலை தவறினால் கேட்கத்தக்க ஊர் இருந்தது. ரீல் கடைபவரைக் கேட்பார் எவருமில்லை.

கேட்பவர் இல்லையாயினும் உலோகமும் தங்கூசியும் கேட்கின்றனவே எனலாம். இவ்வாதம் வலியதே. இடைவெளி பிழையெனின், எவர் காணாவிடினும் அது பிழையே; நூல் சிக்கும். ஆனால் அத்தீர்ப்பு ஓர் எல்லையுடையது. சட்டகம் செவ்வையாக அமைந்ததா என்பதைத் தங்கூசி கூறும். அது செய்யப்படத்தான் வேண்டுமா என்பதைக் கூறாது. முன்னையது திறன் பற்றிய வினா, பின்னையது வாழ்வு பற்றியது. கண்டி வாவி மீன்களுக்குப் புண்ணியங் கருதி இரையிடும் ஊரிலே இரண்டாம் வினா இன்னும் கூர்மை பெறுகிறது. திறனில் அடையும் நிறைவு அவ்வினாவை எளிதில் மறக்கச் செய்கிறது. வீட்டுப் பட்டறையின் மெய்யான ஆபத்து இதுவே, காலவிரயமன்று.

அயலில் வாழும் இடக்கைப் பழக்கமுடைய ஒருவர், தமது கைக்கேற்ற ரீல் கடையிற் கிடைக்கவில்லை எனக் கூறி இவரிடம் வந்து நிற்கலாம். அப்போது கைபிடியின் பக்கம், சுழலும் திசை, உள்ளங்கையின் அகலம் ஆகிய யாவும் மற்றொருவரின் உடலை அளந்தே தீர்மானிக்கப்படும். விலை யாது என்னும் சங்கடமும் உடன்வரும். செலவிட்ட நாட்களைக் கணக்கிட்டால் எவராலும் வாங்கவியலாது. கணக்கிடாவிட்டால் அது கொடையாகும். கொடை பெற்றவர் நாளை இன்னொருவரை அழைத்துவருவார். அவ்வேளையில் பட்டறைக் கதவைத் திறந்துவைப்பதா, சாத்துவதா என்பதை உலோகத்திடம் கேட்டறிய முடியாது.