தேக்கமும் தெளிவும்

ஒரு கலையைப் புதிதாகக் கற்கத் தொடங்குபவர் எவரும் முதல் சில திங்கள் மகிழ்ச்சியுடனேயே இருப்பர். நேற்று வராதது இன்று வரும். இன்று தடுமாறியது நாளை இயல்பாகும். பின்னர் ஒரு நாள் அவ்வளர்ச்சி நின்றுவிடுகிறது. அதே நேரம், அதே உழைப்பு, அதே ஆர்வம். ஆனால் கை முன்னேற மறுக்கிறது. வாரங்கள் கழிகின்றன. திங்கள்கள் கழிகின்றன. கற்பவர் உள்ளத்தில் ஒரு வினா எழுகிறது: பலன் காணாத உழைப்பு வீண்தானா?

இவ்வினா இசை கற்பவர்க்கு மட்டும் உரியதன்று. எனினும் பொதுவாகப் பேசினால் அறிவுரை வளருமேயன்றித் தெளிவு பிறவாது. ஆகவே, நான் அருகிலிருந்து கண்ட ஒரு நிகழ்ச்சியை முன்வைத்து இதனை ஆராய விரும்புகிறேன்.

ஒரு சிறுவனும் ஒரு கிட்டாரும்

சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை மகனுக்கு ஒரு கிட்டார் வாங்கிக் கொடுத்தேன். அவன் அப்போது பள்ளி மாணவன். ஆறு மாதங்களில் எளிய பாடல்கள் நான்கைந்தை வாசிக்கக் கற்றுக்கொண்டான். வீட்டிற்கு வருவோர் எல்லாம் கேட்டுப் பாராட்டினர். அதன்பின் ஏறத்தாழ ஓராண்டு அவன் அதே இடத்தில் நின்றான்.

அவனைத் தடுத்து நிறுத்தியது 'எஃப்' என்னும் ஒரு கார்டு. கிட்டாரில் தந்திகள் ஆறு. தொடக்கத்தில் கற்கும் கார்டுகளில் ஒவ்வொரு விரலும் ஒரு தந்தியை அழுத்தினால் போதும். 'எஃப்' கார்டின் முழு வடிவத்திலோ ஆள்காட்டி விரல் முதல் கட்டத்தில் ஆறு தந்திகளின் மீதும் குறுக்கே படிந்து அழுத்த வேண்டும். மற்ற மூன்று விரல்களும் அதே சமயம் தத்தம் இடத்தில் நிற்க வேண்டும். ஒரு தந்தி சற்று நழுவினாலும் நாதம் மங்கி, மரத்தைத் தட்டுவது போன்ற ஓசையே கேட்கும். கிட்டார் கற்கத் தொடங்கியோரில் பலர் கருவியை மூலையில் சாத்திவைப்பது இந்த இடத்தில்தான்.

ஒரு நாள் அவன் கிட்டாரை விற்றுவிடலாம் என்றான். நான் சினந்தேன். "உழைத்தால் வராதது எது? உனக்குச் சோம்பல்" என்றேன். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாமா, நான் தினமும் ஒரு மணி நேரம் வாசிக்கிறேன். உழைக்காமல் வரவில்லை என்றால் எனக்கு வருத்தமே இருக்காது" என்றான்.

அந்த மறுமொழி என்னை இரவெல்லாம் உறங்கவிடவில்லை. ஒருவன் உழைப்பை நேரில் காணாமலேயே அவனைச் சோம்பேறி என்பது எவ்வகையில் நேர்மை? மறுநாள் முதல் ஒரு வாரம் அவன் பயிற்சி செய்யும்போது அருகில் அமர்ந்து வெறுமனே கவனித்தேன்.

கண்டவை இரண்டு

முதலில் கண்டது இது. ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிடங்களை அவன் தனக்கு நன்றாக வந்த பாடல்களிலேயே செலவிட்டான். எஞ்சிய பத்து நிமிடத்தில் புதிய பாடலைத் தொடங்குவான். 'எஃப்' வரும் இடத்தில் இடறுவான். உடனே பாடலின் முதலடிக்குத் திரும்புவான். மீண்டும் அதே இடத்தில் இடறுவான். எளிய பகுதியை இருபது முறை வாசித்தான். கடினமான பகுதியையோ இருபது முறை தவறாகவே வாசித்தான். விரல் எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதைக் கற்றுக்கொள்கிறது. அது சரியா தவறா என்று விரல் கேட்பதில்லை. அவன் ஓராண்டுக் காலம் அந்தத் தவற்றையே பயின்றிருந்தான்.

இரண்டாவதாகக் கண்டது என்னைத் தலைகுனியச் செய்தது. ஐயம் ஏற்பட்டு அக்கருவியை இசைக்கருவி பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "தலைப்பக்கத்துக் கட்டையில் பள்ளம் போதவில்லை, தந்தி உயரத்தில் நிற்கிறது. பெரியவர் கைக்கே இது சிரமம்" என்றார். தந்திகள் தங்கிச் செல்லும் அச்சிறு கட்டையில் பள்ளம் ஆழமாக இல்லாவிடில், முதல் கட்டத்தில் தந்தியை அழுத்தக் கூடுதல் முயற்சி வேண்டும். 'எஃப்' கார்டு அமைவதும் அந்த முதல் கட்டத்தில்தான். மெல்லிய அரத்தால் அவர் அரை மணி நேரத்தில் அதைச் சரிசெய்து கொடுத்தார். விலை மலிவு என்று அக்கருவியைத் தேர்ந்தெடுத்தவன் நானே. என் குறையை அவன் மேல் ஏற்றிச் சோம்பல் என்று பெயரிட்டிருந்தேன்.

அறிஞர் கண்டது என்ன?

தேக்கநிலையைப் பற்றி அறிவியல் முறையில் ஆராய்ந்தோருள் முன்னோடிகள் அமெரிக்காவின் இந்தியானாவைச் சேர்ந்த வில்லியம் லோ பிரையன், நோபிள் ஹார்ட்டர் என்னும் இருவர். 1897-லும் 1899-லும் அவர்கள் வெளியிட்ட ஆய்வுகள் தந்தி அலுவலகத்தில் பணி பழகுவோரைப் பற்றியவை. தந்திச் செய்தியை அனுப்பும் திறன் சீராக வளர்ந்தது. வரும் செய்தியைக் கேட்டு உணரும் திறனோ ஓரளவு வளர்ந்து, பல வாரங்கள் அசையாமல் நின்று, பின்னர் மீண்டும் உயர்ந்தது. அவர்கள் தந்த விளக்கம் இது: முதலில் எழுத்து எழுத்தாகக் கேட்பவன், பின்னர் சொல் சொல்லாகவும், அதன்பின் தொடர் தொடராகவும் கேட்கப் பழகுகிறான். கீழ்ப்படி முழுதும் இயல்பாகும் வரை மேற்படி கைகூடாது. வெளியே அசைவு தெரியாத அக்காலத்தில் உள்ளே அடித்தளம் இறுகிக்கொண்டிருக்கிறது.

இவ்விளக்கம் ஆறுதல் தருவது. ஆயினும் கதை இத்துடன் முடியவில்லை. 1958-இல் பிரெட் கெல்லர் என்னும் உளவியலறிஞர், இத்தகைய தேக்கம் கற்றலில் கட்டாயம் வந்தே தீரும் ஒரு கட்டம் அன்று என்று வாதிட்டார். பயிற்றும் முறை திருந்தினால் தேக்கமின்றியும் கற்க இயலும் என்பது இதனால் பெறப்படும்.

இவ்விரண்டையும் சேர்த்து எண்ணினால் ஒன்று புலனாகிறது. தேக்கம் ஒருவகையன்று, இருவகை. நம் ஊர் ஏரியை எண்ணிப் பாருங்கள். மழைக்காலத்தில் நீர்மட்டம் உயர்வது நாள்தோறும் கண்ணுக்குத் தெரிவதில்லை. கலிங்கு வழியும் நாளில்தான் ஏரி நிறைந்தது என்கிறோம். அதுவரை வந்த நீர் வீண் அன்று. ஆனால் மதகு பழுதாகி ஒருபுறம் நீர் கசிந்துகொண்டிருந்தால், எத்தனை மழை பெய்தாலும் மட்டம் உயராது. இரண்டு ஏரிகளும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். நிறைகின்ற ஏரிக்கு வேண்டியது பொறுமை. கசிகின்ற ஏரிக்கு வேண்டியது பழுது பார்த்தல். முன்னதில் அவசரப்படுவதும் தவறு; பின்னதில் பொறுமை காப்பதும் தவறு.

நேர்மையே முதற்பயிற்சி

எந்த ஏரி நம்முடையது என்று அறிவது எங்ஙனம்? இங்குதான் இது கலையின் வினா என்னும் நிலை கடந்து அறத்தின் வினாவாகிறது. நமக்கு வந்ததையே வாசித்துக்கொண்டிருப்பது இனிது. கேட்போரும் பாராட்டுவர். நாமும் "பயிற்சி செய்தேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். அச்சொல் பொய்யும் அன்று. முழு மெய்யும் அன்று. பிறரிடம் பொய் சொல்லாதவர்கூடத் தம்மிடம் இத்தகைய அரைமெய்யைச் சொல்லிக்கொள்வது எளிது. ஏனெனில் கேட்பவரும் சொல்பவரும் ஒருவரே.

அதற்கு மாற்று, தன் குறையைப் பெயர் சொல்லி அழைப்பதாகும். "எனக்குக் கிட்டார் வரவில்லை" என்பது புலம்பல். "சி கார்டிலிருந்து எஃப் கார்டுக்கு மாறும்போது என் ஆள்காட்டி விரல் பிந்துகிறது" என்பது அறிவு. முன்னதற்கு மருந்தில்லை, பின்னதற்கு உண்டு. என் மருமகனும் அவ்வாறே செய்தான். தன் வாசிப்பை ஒலிப்பதிவு செய்து கேட்டான். பாடலை விட்டுவிட்டு அவ்விரு கார்டுகளை மட்டும் மாற்றி மாற்றிப் பிடித்தான். தாளக் கருவியை நிமிடத்திற்கு நாற்பது தட்டில் வைத்து, நான்கு தட்டுக்கு ஒருமுறை மாற்றினான். தவறின்றி வந்த பின்னரே வேகத்தைக் கூட்டினான். ஆள்காட்டி விரலைத் தட்டையாக வைக்காமல், எலும்பு உறுதியான பக்கவாட்டில் சற்றுச் சாய்த்து, கட்டத்தின் கம்பியை ஒட்டி வைக்கப் பழகினான். பத்து நிமிடம் இவ்வாறு செய்வது ஐம்பது நிமிடம் பாடுவதைவிடக் களைப்பாக இருந்தது என்றான். களைப்பே அது பயிற்சி என்பதற்குச் சான்று.

1993-இல் ஆண்டர்ஸ் எரிக்சனும் உடனாய்வாளரும் பெர்லின் இசைக்கல்லூரியின் வயலின் மாணவரிடை நடத்திய ஆய்வும் இக்கருத்தை ஒட்டியதே. குறையை நோக்கித் திட்டமிட்டுச் செய்யும் தனிப்பயிற்சியே முன்னேற்றத்திற்கு முதன்மையானது என்றும், அத்தகைய பயிற்சி இயல்பாக இன்பம் தருவதன்று என்றும் அவர்கள் எழுதினர்.

உழைப்பின் எல்லை

இந்த இடத்தில் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை தேவை. "முறையாக உழைத்தால் எவரும் எதையும் அடையலாம்" என்று பிள்ளைகளிடம் சொல்வது ஊக்கம் போலத் தோன்றும். ஆனால் அடையாதவனை அது குற்றவாளியாக்கிவிடும். 2014-இல் மக்னமாராவும் உடனாய்வாளரும் முந்தைய பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, இசைத்திறனில் மனிதரிடை காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 21 விழுக்காட்டையே பயிற்சியால் விளக்க முடிந்தது. எஞ்சியவற்றில் பிற காரணங்கள் பல. உழைப்பு இன்றியமையாதது, அதுவே அனைத்தும் அன்று.

கிட்டார் வரலாற்றில் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் என்பவரைப் பலரும் எடுத்துக்காட்டுவர். பெல்ஜியத்தில் 1910-இல் பிறந்த அவர், 1928-இல் தாம் வசித்த வண்டியில் பற்றிய தீயில் கொடிய காயமுற்றார். இடக்கையின் மோதிர விரலும் சிறுவிரலும் பெரும்பாலும் பயனற்றுப் போயின. எஞ்சிய இரு விரல்களைக் கொண்டே ஐரோப்பிய ஜாஸ் இசையின் தலைசிறந்த கிட்டார் கலைஞராக விளங்கினார். இதைச் சொல்லி, "அவருக்கு இரண்டு விரல், உனக்கு நான்கு விரல் இருந்தும் வரவில்லையே" என்று பிள்ளையைக் கடிவது தவறான பாடம். அவர் வாழ்வு உணர்த்துவது வேறு. பழைய முறையையே இன்னும் கடுமையாகச் செய்து அவர் வெல்லவில்லை. பழைய முறை இனி இயலாது என்பதை ஏற்று, இருக்கும் விரல்களுக்கேற்பப் புதிய முறையைக் கண்டார். உள்ளதை உள்ளவாறு ஏற்றதே அவர் வெற்றியின் தொடக்கம்.

விட்டுவிடுதல் தவறா?

ஒரு கலையை விட்டுவிடுவது எப்போதும் இழுக்கு என்று நான் கருதவில்லை. வாழ்நாள் அளவுடையது, வேறு கடமைகளும் உண்டு. ஆனால் விடுவதற்கும் ஒரு நேர்மை வேண்டும். சோர்ந்த நாளில் விடலாகாது. பிறர் முன் தாழ்ந்தோம் என்னும் வெட்கத்தால் விடலாகாது. குறை யாது என்று அறியாமல் விடலாகாது. பழுதைக் கண்டு, அதைத் திருத்தி, ஒரு கால எல்லை வைத்து உழைத்துப் பார்த்தபின், "இதில் எனக்கு விருப்பமில்லை" என்று ஒருவன் அமைதியாகச் சொன்னால், அது தோல்வியன்று, தெளிவு.

என் மருமகன் விடவில்லை. சுமார் ஆறு வாரத்தில் 'எஃப்' கார்டு தெளிவாக ஒலித்தது. அன்று வீட்டில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை, பாராட்டவும் இல்லை. அவன் மட்டும் ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அடுத்த ஆண்டே வேறோரிடத்தில் மீண்டும் தேங்கினான். இம்முறை விற்பதைப் பற்றிப் பேசவில்லை. "மாமா, எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும்" என்றான்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். பலன் தெரியாத உழைப்பு வீண் அன்று. தன்னைப் பாராத உழைப்பே வீண். பலன் நம் கையில் முழுதும் இல்லை. நம் முயற்சியை நாமே மெய்யாக நோக்குவதோ முழுதும் நம் கையில் உள்ளது. வீட்டில் ஒரு பிள்ளை தேங்கி நிற்கும்போது, "இன்னும் உழை" என்று சொல்லும் முன், அவனருகில் சிறிது நேரம் அமர்ந்து பார்ப்போமாக. குறை அவன் விரலில் இருக்கலாம், முறையில் இருக்கலாம், நாம் வாங்கிக் கொடுத்த கருவியிலும் இருக்கலாம்.