இருக்கிற இடம் தெரியாத பிள்ளை

எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒரு பிள்ளையைப் புகழவேண்டுமானால், 'வீட்டில் இருக்கிற இடமே தெரியாது' என்பார்கள். துறையூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பதினாறு வயதுவரை அந்தப் புகழைச் சம்பாதித்துக்கொண்டு வளர்ந்தவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க வராது. விருந்தாளி வந்தால் கொல்லைப்புறம் போய்விடுவேன். இதை அடக்கம் என்று சொல்லி அம்மா பெருமைப்பட்டாள். நானும் அப்படியே நம்பினேன்.

கூச்சம் நற்குணமா, அல்லது நற்குணத்தின் வேஷம் போட்டுக்கொண்ட வேறு ஏதாவதா? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. கல்லூரியின் முதலாண்டில் ஐந்து ரூபாய் அபராதத்தின் உருவில் வந்தது.

1966 ஜூன் மாதம் தகரப் பெட்டியோடு பஸ் ஏறி, கொள்ளிடத்தையும் காவிரியையும் கடந்து, திருச்சியில் ஒரு கல்லூரியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். 1978-இல் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகள் வந்தபின் மறைந்துபோன வகுப்பு அது. பள்ளிக்கும் பட்டப் படிப்புக்கும் நடுவே ஒரு வாசற்படிபோல இருந்தது. பதினோரு ஆண்டுகள் தமிழில் படித்துவிட்டு வந்தவனுக்குப் பௌதிகமும் ரசாயனமும் ஒரே நாளில் ஆங்கிலமாகிவிட்டன. வருகைப் பதிவின்போது 'பிரசென்ட் சார்' என்று இரண்டு சொல் சொல்வதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்ளும். விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூட்டம் கலைந்த பிறகு போய் ஆறிய சோற்றைச் சாப்பிடுவேன். மோர் வேண்டுமென்று கேட்கக் கூசி, மோரில்லாமலே எழுந்த நாட்கள் உண்டு. இவற்றுக்கெல்லாம் விலை கொடுத்தவன் நான்தான். ஆகையால் வேறு யாருக்கும் நஷ்டமில்லை.

வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் புதுக்கோட்டைச் சீமையிலிருந்து வந்த ஓர் ஏழை வீட்டுப் பையன். என்னோடு வலியப் பேசிய முதல் ஆள் அவனே. எனக்காக மோர் கேட்டு வாங்கித் தந்தவனும் அவன்தான். செப்டம்பரில் ஒரு நாள், பேராசிரியர் கரும்பலகையின் பக்கம் திரும்பியபோது பின்னாலிருந்து யாரோ சீட்டியடித்தார்கள். அவர் சட்டென்று திரும்பி அவனை எழுப்பினார். "நான் இல்லை சார்" என்றான். பிறகு என்னைப் பார்த்தான்.

அவன் சீட்டியடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவன் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. நான் எழுந்து அதைச் சொன்னால் போதும். ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது, தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களே, எண்பது பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்று யோசித்துக்கொண்டே நோட்டுப் புத்தகத்தில் கண்ணைப் பதித்துக்கொண்டேன். ஐந்து ரூபாய் அபராதம் விழுந்தது.

மாலையில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "விடுடா, உனக்குத்தான் கூச்சமாச்சே, எனக்குத் தெரியாதா?" என்றான். அவன் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

தீபாவளிக்கு ஊர் போக வைத்திருந்த பணம் அந்த அபராதத்தில் போயிற்று. அவன் விடுதியில் தங்கிவிட்டான். நான் ஊருக்குப் போனேன். விடியற்காலையில் என் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே அம்மா பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம், "காலேஜுக்குப் போயும் மாறவே இல்லே அக்கா. எம்புள்ளை இருக்கிற இடமே தெரியாது" என்றாள். கண் எரிந்தது. எண்ணெயினால் மட்டும் அல்ல. அன்று வகுப்பிலும் நான் இருக்கிற இடம் தெரியாமல்தானே இருந்தேன்!

அந்தக் கணத்தில் நான் நினைத்தது அவனை அல்ல. என் ஆங்கிலத்தை, என் குரலை, என் மானத்தை. கூச்சக்காரன் தன்னை மறைத்துக்கொள்கிறான் என்பது மெய். ஆனால் அவன் தன்னை ஒரு நொடியும் மறப்பதில்லை. அடக்கமுள்ளவனுக்குத்தான் தன் நினைவு குறைவு. வள்ளுவர் நாணுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அவையஞ்சாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். தகாத செயலுக்கு வெட்கப்படுவது வேறு, சபையைக் கண்டு நடுங்குவது வேறு. நான் சபைக்கு நடுங்கி, வெட்கப்படவேண்டிய காரியத்தைச் செய்துவிட்டேன்.

ஊரிலிருந்து திரும்பியதும் நடந்ததை ஒரு தாளில் தமிழில் எழுதிப் பேராசிரியரின் மேஜைமேல் வைத்துவிட்டு ஓடிவந்தேன். மறுநாள் அவர் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் என் நண்பனிடம் வருத்தம் தெரிவித்தார். பெரிய மனிதர். ஆனால் போன தீபாவளி போனதுதான்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு காந்தியின் சத்திய சோதனையைப் படித்தேன். அவரும் 1888-இல் பாவ்நகரில் கல்லூரியில் சேர்ந்து, பாடம் பிடிபடாமல் ஒரு பருவத்தோடு வீடு திரும்பியவர். பிறகு இலண்டனில் சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தபோது, மாறுபட்ட கருத்துக்காக ஒரு மருத்துவரைச் சங்கத்திலிருந்து நீக்க முயன்றார்கள். அந்தக் கருத்து காந்திக்கும் உடன்பாடில்லை. ஆயினும் அதற்காக நீக்குவது அநியாயம் என்று எண்ணினார். பேச நா எழாது என்று தெரிந்து எழுதிக்கொண்டு போனார். அதைப் படிக்கவும் முடியவில்லை, வேறொருவர் படித்தார். மருத்துவரின் கட்சி தோற்றது. ஆனாலும் காந்தி தாளோடு போயிருந்தார்! தம்முடைய முதல் பொதுப்பேச்சு என்று அவர் சொல்வது 1893-இல் பிரிட்டோரியாவில், அங்கிருந்த இந்தியரின் நிலையைப் பற்றிப் பேசியது. பிறர் பொருட்டு என்று வந்தபோது அந்த நாவின் கட்டு அவிழ்ந்தது.

ஆகவே, முதலாண்டு மாணவனின் கூச்சத்தை நான் பழிக்கமாட்டேன். அது அவன் சுபாவம். அதனால் அவன் மோரில்லாமல் சாப்பிட்டால் சாப்பிட்டுப் போகட்டும். அவனுடைய மௌனத்துக்கு இன்னொருவன் விலை கொடுக்கும்போது மட்டும் அது சுபாவமல்ல, குற்றம். அப்போது குரல் நடுங்கினாலும் பேசவேண்டும். பேச வராவிட்டால் ஒரு தாளாவது எழுதவேண்டும்.

இன்றும் யாராவது தம் பிள்ளையைப் பற்றி, 'இருக்கிற இடமே தெரியாது' என்று என்னிடம் பெருமையாகச் சொல்கிறார்கள். 'வேண்டியபோதாவது தெரியுமா?' என்று கேட்க நினைக்கிறேன். நேரில் கேட்க வாய் வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.