முன்னால் ஐந்தடி

எதிர் மனையில் நண்பர் அப்பார்ட்மென்ட் கட்டுகிறார். தெருப் பக்கம் விட வேண்டிய இடத்தில் ஐந்தடி குறைத்துக்கொள்ள அனுமதி கேட்டு மனுப் போடுகிறார். எதிர்வீட்டுக்காரன் சம்மதக் கடிதமும் இருந்தால் பலமாம். "பேராசை இல்லை சார். பின்னால நிற்கிற வேப்பமரம் பிழைக்கும், முன்னால திண்ணை வரும்" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய வீடுகள் தெருவை ஒட்டித் திண்ணை வைத்தவைதானே. விதி, முன்னால் இடம் விடு என்கிறது. வெளிச்சம், காற்று, தீயணைப்பு வண்டி என்று காரணங்கள் உண்டு. விட்ட இடத்தில் நாம் வைப்பதென்னவோ காம்பவுண்டு சுவரும் காரும்தான்.

ஆனால், சலுகைக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. தமிழ்நாட்டின் 1971ம் வருஷத்து நகரமைப்புச் சட்டம், 113ம் பிரிவில் எந்தக் கட்டடத்துக்கும் விலக்குத் தர அரசுக்கு அதிகாரம் தருகிறது. கொடுத்தார்கள், தாராளமாக. 2000ல் சுப்ரீம் கோர்ட், பிரிவு செல்லும் என்றது. காரணம் சொல்லாமல் தந்த விலக்குகளை ரத்து செய்தது. கேட்கிறவருக்கு வக்கீல் உண்டு. தெரு யாரிடம் போய் ஆட்சேபிக்கும்?

நண்பரிடம் கேட்டேன்: "பக்கத்து மனைக்காரர் இதே ஐந்தடியைக் கேட்டா, நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?"

"அதெப்படி சார், அவர் கடையில்ல கட்டுவார்!"

மரத்தையும் திண்ணையையும் மனுவிலேயே நிபந்தனையாக எழுதச் சொன்னேன். மரத்தை வெட்டினால் ஐந்தடியும் ரத்து. எழுதிக் கொண்டுவந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். யோசித்துச் சொல்வதாகப் போனவர், இன்னும் வரவில்லை.