எட்டு மாதம் இருக்கிற வீடு

ஐப்பசி பிறந்ததும் நாளிதழ்களில் ஒரு படம் வந்துவிடும். கோடியக்கரையில் பூநாரைக் கூட்டம், மேலே 'வெளிநாட்டுப் பறவைகள் வருகை' என்று தலைப்பு. நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள், பார்த்துவிட்டு வரலாம் என்று வேதாரண்யம் பஸ் ஏறியிருக்கிறேன். விருந்தாளி என்ற அந்தச் சொல்லை என் வாயிலிருந்து எடுத்தது ஓர் உள்ளான்.

அது ஒரு தை மாத விடியல். பறவைகளுக்கு வளையம் போடும் ஆய்வாளர் ஒருவர், வலையில் சிக்கியதைத் துணிப்பையில் போட்டு எடை பார்த்துவிட்டு என் உள்ளங்கைக்கு மாற்றினார். சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, நுனி கீழே வளைந்த கறுப்பு அலகு. ஒரு கோழிமுட்டை கனம்தான் இருக்கும். என் விரலிடுக்கில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கையை விரித்ததும் பறந்து, சற்றுத் தள்ளிக் கூட்டத்தோடு சேற்றில் இறங்கி, உடனே இரை தேடத் தொடங்கிவிட்டது. நடவு வயலில் பழகிய கை நாற்றுப் பதிக்கிற வேகம் அந்த அலகுக்கு.

எங்கே பிறந்தது என்று கேட்டேன். சைபீரியாவின் வடகோடி, துந்திரா என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த இனத்து ஆண் ஜூனில் துந்திராவைச் சேர்கிறது. அடைகாக்கும் வேலை முழுக்கப் பெண்ணுக்கு. ஆணோ ஜூலை பிறந்ததும் தெற்கே கிளம்பிவிடுகிறது. பின்னால் பெண்கள் புறப்படும். குஞ்சுகள் கடைசியில், வழிகாட்டப் பெரியவர்கள் யாரும் இல்லாமல், தாமாகவே வருகின்றன. ஆகஸ்டு வாக்கில் நம் கரையில் முதல் கூட்டம் இறங்கினால் ஏப்ரல் வரை இங்கேதான். முதல் வருடத்துப் பறவைகளில் பல, கோடையிலும் வடக்கே போவதில்லை. வருடத்தில் எட்டு மாதம் ஒரு கூரையின் கீழ் இருப்பவரை யாராவது விருந்தாளி என்போமா?

லெம்மிங் என்று துந்திராவில் ஒரு சிற்றெலி உண்டு. அது பெருகிய வருடம் நரிக்கு அதுவே போதும், உள்ளான் குஞ்சுகள் பிழைத்துக்கொள்ளும். எலி அருகினால் நரி குஞ்சுகள் பக்கம் திரும்பும், அந்தப் பருவத்தில் இளம் பறவைகள் சொற்பமாகவே தெற்கே வரும். எலியை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. உள்ளான் இங்கே தின்னும் புழு நம் பொறுப்பு. வடகிழக்குப் பருவமழை இறங்கிச் சதுப்பின் உப்பைத் தணித்தால்தான் சேற்றில் புழுவும் பூச்சியும் பெருகும். நன்னீர் வரத்து குறைந்து உப்பு ஏறினால் அந்த அலகு குத்திய இடமெல்லாம் வெறும் சேறு.

1967இல் கோடியக்கரை சரணாலயமானது, 2002இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் ஏறியது. நல்லதுதான். ஆனால் விருந்தாளி என்ற சொல்லுக்குள் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. விருந்தாளி வராவிட்டால் 'இந்த வருடம் வரவில்லையே' என்று ஆதங்கப்பட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். வீட்டுப் பிள்ளை வராவிட்டால் அப்படி உட்கார்ந்திருக்க முடியாது, தேடிப் போக வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவு அந்தக் காற்றை ஊரோடு சேர்ந்து பட்டவை இவை. பழைய பாடல் ஒன்றில் சத்திமுத்தப் புலவர் செங்கால் நாரையிடம் தன் வீட்டுக்கு அடையாளம் சொல்லி மனைவிக்குச் சேதி அனுப்பினார். அந்நியரிடம் யாரும் வீட்டு வறுமையைச் சொல்லி அனுப்பமாட்டார்கள். அவருக்கு இருந்த உரிமையுணர்வு நமக்கு எங்கே போயிற்று என்று எனக்கு வருத்தம் உண்டு.

மறுபடி ஒரு சித்திரைத் தொடக்கத்தில் கோவைத்தீவுப் பக்கம் நின்றேன். சேறு வெடிக்க ஆரம்பித்திருந்தது. மிச்சமிருந்த ஈரத்தில் பத்துப் பதினைந்து உள்ளான்கள், கிளம்பப் போகிற அவசரத்தில் கொழுத்துக்கொண்டிருந்தன. ஒன்று கிட்டத்தில் வந்தது. சாம்பல் இறகு உதிர்ந்து நெஞ்சில் செங்கல் நிறம் திட்டுத் திட்டாக ஏறியிருந்தது, பாதி பழசு, பாதி புதுசு. துந்திராவில் இணை தேடும்போது உடுத்தியிருக்கப் போகிற சிவப்பு அது. அதன் ஒவ்வோர் இறகும் இந்தச் சேற்றின் புழுவைத் தின்றுதான் முளைத்திருந்தது.