யாருடைய பணம் அது?

கார் அறுவடை முடிந்த ஒரு ஞாயிறன்று, திருப்பலிக்குப் பின் கைம்பெண் ஒருவர் என்னிடம் வந்தார். பீடி சுற்றி, மகளின் திருமணத்திற்கெனச் சேர்த்த ஒன்றரை இலட்சம் ரூபாயை மாதவட்டிக்காக ஒரு நிதி நிறுவனத்தில் போட்டிருந்தார். நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. "மொதலாளியத்தான் பிடிச்சிட்டாங்கள்லா சாமி, பொறவு ஏன் எங்க ரூவா வரல?" என்று கேட்டார்.

வினா எளியது; விடை எளியதன்று. முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1997இல் இயற்றப்பட்டது. அதன்படி அரசு சொத்துகளை முடக்கும். அதற்கென அமர்த்தப்படும் அதிகாரி தனி நீதிமன்றத்தை அணுகுவார். மறுப்புரைகள் கேட்கப்பட்டு, ஏலம் நடந்து, கிடைத்த தொகை விகிதப்படி பங்கிடப்படும். புகார் கொடுத்தால் கிடைப்பதும் கிடைக்காது என்று முகவர்கள் அச்சுறுத்துவர். ஏமாந்ததை வெளியே சொல்ல நாணி வாளாவிருப்போரும் உண்டு. அன்னியச் செலாவணி வணிகம் எனக் கூறித் திருப்பூரில் இயங்கிய பாசி நிறுவனம் 2009இல் வீழ்ந்தது. மோசடித் தொகை சுமார் 930 கோடி ரூபாய். அதன் இயக்குநர் இருவருக்கு 27 ஆண்டுச் சிறைத்தண்டனையும் 171 கோடிக்கு மேல் அபராதமும் விதிக்கப்பட்டது 2022இல்தான். பதின்மூன்று ஆண்டுகள்! அபராதமோ இழந்ததில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

எஞ்சிய பணம் எங்கே? முதலாளியின் பெட்டகத்தில் முழுவதும் உறங்குகிறது என்று எண்ணுகிறோம். அப்படியன்று. இத்தகைய நிறுவனங்களில் பெரும்பாலும் வாணிபமும் இல்லை, இலாபமும் இல்லை. பின்னால் வந்தவரின் முதலே முன்னால் வந்தவருக்கு வட்டியாகச் செல்கிறது. தாமிரபரணிக் கால்வாய்களில் மேல்மடை வயல் குடித்த நீரைக் கடைமடைக்காரர் கேட்டுப் பெற முடியுமா? அந்தக் கைம்பெண்ணின் பணம் சென்னையில் இல்லை. அதில் ஒரு பகுதி அடுத்த தெருவில் மாடிவீடாக நிற்கக்கூடும்.

சட்டம் முதலாளியையும் முகவரையும் தேடும். முன்பே வட்டி பெற்றவரைப் பெரும்பாலும் தேடாது. மனச்சான்று தேட வேண்டாமா? கவர்ந்ததைத் திருப்பித் தர இயன்றும் தராதவனின் மனத்துயர் போலியானது என்று புனித அகுஸ்தினார் மக்கதோனியுசுக்கு எழுதிய மடலில் கடிந்துரைத்தார். அக்குவினா தோமையார் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார்: பிறர் பொருள், குற்றமின்றி நம் கைக்கு வந்திருந்தாலும், அது நம்மிடம் இருக்கும்வரை திருப்பித்தரும் கடமை உண்டு. குருமடத்தில் இதைப் படித்தபோது கள்வருக்கான பாடம் என்றே நினைத்தேன். சக்கேயுவைப் பற்றி எத்தனை மறையுரைகள் ஆற்றினேன்! நான் அந்த அத்திமரத்தை அண்ணாந்து பார்த்தவனே தவிர, அதில் ஏறியவனல்லன்.

"நானும் நம்பித்தானே போட்டேன்? தெரிந்தா வாங்கினேன்?" என்று முன்னரே இலாபத்துடன் வெளியேறிய அன்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். உண்மை, அவர் திருடரல்லர். ஆயினும் போட்டதற்கு மேல் வந்த தொகை எவருடைய வியர்வை என்று இன்று அவருக்குத் தெரியும். தெரிந்தபின் அறியாமையைக் காட்டித் தப்ப இயலுமா?

அவரைக் கண்டிக்க வாய் திறந்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது. வட்டி வந்த நாள்களில் நன்றிக் காணிக்கையாக அவர் தந்த இருபதாயிரத்தில் நம் ஆலயத்திற்கு ஒலிபெருக்கி வாங்கினோம். பீடத்திலிருந்து அவரைப் பாராட்டியவனும் நானே. அந்தக் கைம்பெண்ணும் அன்று கைதட்டியிருப்பார்.

அத்தொகையைத் திருப்பித் தருவது பற்றிப் பங்குப் பேரவைக்கு எழுதியுள்ளேன். யாரிடம் தருவது, ஏமாந்தோர் பலரிருக்க ஒருவருக்கு மட்டும் தருவது நீதியா என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள்தாம். கூட்டம் அடுத்த ஞாயிறு மாலை.