மாத்திரை தந்த பசி, ஊசி தந்த அடக்கம்

மூட்டுவாதத்துக்காக மாதக்கணக்கில் ப்ரெட்னிசலோன் சாப்பிட்டுவரும் ஒருவர், எடை குறைய செமாக்ளூடைடு ஊசியும் போட்டுக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மருந்து இன்னொன்றைக் கெடுக்குமா? மருத்துவத்தில் இதற்குப் பதில் சுருக்கமானது. இரண்டும் நேரடியாக மோதிக்கொள்வதில்லை. ப்ரெட்னிசலோனைக் கல்லீரலின் நொதிகள் சிதைக்கின்றன. செமாக்ளூடைடு ஒரு பெப்டைடு என்பதால் புரதம் போலத் துண்டுதுண்டாக உடைந்து கழிகிறது. ஆனால் செய்யும் வேலையில் ஒன்றுக்கொன்று எதிர். ஸ்டீராய்டு கல்லீரலைக் கூடுதலாகச் சர்க்கரை உண்டாக்க வைக்கிறது, இன்சுலின் சொல்வதைத் தசைகள் கேட்காமல் செய்கிறது, பசியைக் கிளப்புகிறது, கொழுப்பை முகத்திலும் பிடரியிலும் வயிற்றிலும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. செமாக்ளூடைடோ சர்க்கரை ஏறும்போது இன்சுலினைத் தூண்டுகிறது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, மூளையில் பசியைத் தணிக்கிறது. இந்த இழுபறியில் ஊசி தோற்றே போகும் என்று சொல்ல முடியாது. அதே வகையைச் சேர்ந்த எக்ஸெனடைடைச் செலுத்தியபோது, ப்ரெட்னிசலோனால் வரும் சர்க்கரைக் கோளாறு தடுக்கப்பட்டதை ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். ஆரோக்கியமான சில ஆண்களிடம் மட்டும் நடந்த சிறிய ஆய்வு அது. மற்றபடி எல்லாம் டோஸையும் நாட்களையும் பொறுத்தது. இருமலுக்கு ஐந்து நாள் சாப்பிடுவது ஒன்று, ஆறு மாதம் சாப்பிடுவது வேறு. இரண்டு மருந்தும் கைகோத்துக்கொள்ளும் இடமும் ஒன்று உண்டு. ஸ்டீராய்டு தசையைக் கரைக்கும். ஊசியால் எடை குறையும்போதும் கொழுப்போடு தசையும் ஓரளவு போகும்.

மருத்துவர் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அவர் நிறுத்தும் இடத்தில் பழைய கேள்வி ஒன்று தலைதூக்குகிறது. ஒரே வயிற்றின் பசியைக் காலையில் விழுங்கும் மாத்திரை ஏற்றுகிறது, வாரம் ஒருமுறை போடும் ஊசி இறக்குகிறது. இதில் அந்த மனிதருடைய பசி எது? நாம் இதற்கு ஏற்கெனவே ஒரு தீர்ப்பு வைத்திருக்கிறோம், அதுவும் முன்னுக்குப்பின் முரணான தீர்ப்பு. ஸ்டீராய்டால் பெருத்தவரை மன்னிக்கிறோம்: "பாவம், மாத்திரையால வந்த உடம்பு." ஊசியால் இளைத்தவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறோம்: "வாயைக் கட்ட முடியல, ஊசியில வந்து நிக்கிறார்." கல்யாண வீட்டுப் பந்தியில் இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே வாய் பத்து நிமிட இடைவெளியில் சொல்லக்கூடும். முதல் வாக்கியம் சரியென்றால் இரண்டாவது நிற்காது என்பதுதான் என் வாதம். பசியின் அளவு வேதியியலால் வந்தது என்று ஓரிடத்தில் ஒப்புக்கொண்டவர், அந்த அளவை வைத்து இன்னோரிடத்தில் ஒருவரின் ஒழுக்கத்தை நிறுக்க முடியாது.

முதல் வாக்கியம் சரி என்பதில் சந்தேகமில்லை. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச், மூட்டுவாதத்தால் முடங்கிக்கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்டிசோனை முதன்முதலாகச் செலுத்தினார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வியப்பு அடங்குவதற்குள்ளேயே மறுபக்கமும் தெரிந்துவிட்டது: உப்பிய முகம், அடங்காத பசி, தூக்கமின்மை, காரணமில்லாத உற்சாகம். யாரும் நோயாளிகளைப் பெருந்தீனிக்காரர்கள் என்று குற்றம்சாட்டவில்லை. காரணம் கண்முன் மாத்திரை டப்பாவில் இருந்தது. இங்கிருந்து ஒவ்வொரு படியாக இறங்கிப் பார்க்கலாம். அதே கார்டிசாலை உடம்பே அளவுக்குமீறிச் சுரந்தால் அதற்கு குஷிங் நோய்க்கூட்டு என்று பெயர். ஹார்வி குஷிங் 1932இல் அதை விவரித்தார். பிட்யூட்டரியில் இருக்கும் கடுகளவு கட்டிகூட அதற்குப் போதும். மாத்திரைக்குத் தந்த மன்னிப்பைக் கட்டிக்கும் தரத்தான் வேண்டும். அடுத்த படி லெப்டின். கொழுப்புத் திசுவிலிருந்து மூளைக்கு "போதும்" என்று சேதி கொண்டுபோகும் ஹார்மோன் அது. அதைப் பிறவியிலேயே சுரக்க முடியாத இரு உறவுக் குழந்தைகளைப் பற்றி 1997இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் எழுதினார்கள். எட்டு வயதுப் பெண்குழந்தையின் எடை 86 கிலோ, இரண்டு வயதுப் பையனின் எடை 29 கிலோ. பிறகு லெப்டின் ஊசி போட்டதும் அந்தச் சிறுமியின் பசி தணிந்தது, எடை இறங்கியது. அந்த எட்டு வயதுக் குழந்தையிடம் எந்த ஒழுக்கக் குறை இருந்தது, ஊசி எந்த ஒழுக்கத்தை ஊட்டியது?

இந்தப் படிகளில் கடைசிப் படி நாம். மாத்திரையும் கட்டியும் மரபணுப் பிழையும் இல்லாத சாதாரண மனிதர்கள். ஒருவருக்கு மூன்றாவது இட்லியிலேயே வயிறு நிறைகிறது, இன்னொருவருக்கு எட்டாவதிலும் நிறைவதில்லை. முந்தையவர் தன்னடக்கம் உள்ளவர் என்றும் பிந்தையவர் நாக்குக்கு அடிமை என்றும் முடிவு கட்டுகிறோம். ஹார்மோன் வேறுபாடு பெரிதாக இருந்தால் நோய், சிறிதாக இருந்தால் குணம் என்று பிரிக்கும் கோடு எங்கே இருக்கிறது? நான் தேடிய வரையில் அது உடம்பில் இல்லை. காரணம் நம் கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்பதில் இருக்கிறது.

பசியின் மிகுதி குற்றமல்ல என்ற எண்ணம் தமிழில் புதிதும் இல்லை. மணிமேகலையில் வரும் காயசண்டிகை, முனிவர் ஒருவர் உண்ணவிருந்த நாவற்கனியைச் செருக்கோடு நடந்துபோய்க் காலால் சிதைத்துவிடுகிறாள். சாபத்தால் யானைத்தீ என்னும் பசிநோய் அவளைப் பற்றுகிறது. எவ்வளவு தின்றாலும் அடங்காமல் பன்னிரண்டு ஆண்டு அலைகிறாள். நூலாசிரியர் சாத்தனார் அவளைப் பேராசைக்காரியாகக் காட்டவில்லை. நோயாளியாகக் காட்டுகிறார். வெளியிலிருந்து ஏறிய பசி என்பதால், அது தீர்வதும் வெளியிலிருந்துதான். அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட கவளத்தில் யானைத்தீ அவிகிறது. அவள் முதலில் நோன்பிருந்து மனத்தை அடக்கட்டும் என்று காப்பியத்தில் யாரும் நிபந்தனை போடவில்லை. சாபத்தையும் ஸ்டீராய்டையும் ஒன்றாக்கவில்லை நான். பசியின் மிகுதியைப் பழியாக்காமல் பார்க்கும் ஒரு பார்வை, அடக்கத்தைப் போற்றும் பௌத்த நூலுக்குள்ளேயே இருந்திருக்கிறது என்பதைத்தான் குறிப்பிடுகிறேன்.

இப்படிப் போனால் பொறுப்பு என்ற ஒன்றே மிஞ்சாதே என்பது முதல் ஆட்சேபம். எல்லாம் ஹார்மோன் என்றால் திருடனுக்கும் கொலைகாரனுக்கும் ஒரு ஹார்மோன் கிடைத்துவிடும். ஆட்சேபம் வலுவானதுதான், ஆனால் அது வேறிடத்தில் போய் அடிக்கிறது. பசி எவ்வளவு என்பதற்குப் பொறுப்பில்லை என்றுதான் சொன்னேன். பசியோடு என்ன செய்கிறோம் என்பதற்குப் பொறுப்பில்லை என்று சொல்லவில்லை. பாலி மொழியில் உள்ள சம்யுத்த நிகாயத்தில் கோசல மன்னன் பசேநதியின் கதை ஒன்று இருக்கிறது. மரக்கால் கணக்கில் சோறு தின்றுவிட்டு மூச்சிரைக்கப் புத்தரிடம் வந்து உட்காருகிறான். அளவறிந்து உண்பதைப் பற்றிப் புத்தர் ஒரு பாட்டுச் சொல்கிறார். மன்னன் அதை மனப்பாடம் செய்து தன்னைத் திருத்திக்கொண்டான் என்று கதை போகவில்லை. பின்னால் நின்ற சுதஸ்ஸனன் என்ற இளைஞனிடம், இந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டு எனக்குச் சோறு படைக்கும்போதெல்லாம் சொல், தினம் நூறு காசு தருகிறேன் என்கிறான். சோறு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஒரு நாழிக்கு வருகிறது, உடம்பு இளைக்கிறது. மன்னன் தன் மனவலிமையை நம்பவில்லை. வெளியில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டான், அதற்குக் காசும் கொடுத்தான். புத்தர் அதை ஏமாற்று என்று கண்டித்ததாகச் சூத்திரத்தில் இல்லை. பொறுப்பு குடியிருக்கும் இடம் இதுதான்: தன் பசி இன்னதென்று தெரிந்துகொண்டு அதற்கு ஏற்ற ஏற்பாட்டைச் செய்வது. ப்ரெட்னிசலோன் தொடங்கும் நாளிலேயே வீட்டில் முறுக்கு டப்பாவை எட்டாத இடத்தில் வைக்கச் சொல்கிறவரும் இதைத்தான் செய்கிறார். ஊசி போட்டுக்கொள்கிறவரும் இதைத்தான் செய்கிறார்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் நுட்பமானது. ஏற்பாடு இருக்கட்டும், ஊசியால் வந்த அடக்கத்தை அறம் என்று சொல்ல முடியுமா? முடியாது. இங்கே நான் எதிர்த்தரப்போடு சேர்ந்துகொள்கிறேன். ஆசை மிகுந்திருந்தும் போராடி வெல்பவனை அரிஸ்டாட்டில் ஒரு வகையில் வைத்தார், தகாத ஆசையே எழாதவனை அதற்கும் மேலே வைத்தார். வெளியே இருந்து பார்த்தால் செமாக்ளூடைடு போட்டவர் இரண்டாமவரைப் போலத் தெரிகிறார். பந்தியில் கை தானாக நின்றுவிடுகிறது, அல்வா அழைப்பதில்லை. ஆனால் அரிஸ்டாட்டில் சொன்ன நிலை பழகிப்பழகிக் கைவந்தது, எளிதில் போகாதது. ஊசியின் நிலையோ மருந்து இருக்கும்வரைதான். 2021இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் எல்லோருக்கும் 20 வாரம் செமாக்ளூடைடு கொடுத்தார்கள். பிறகு ஒரு பகுதியினருக்கு மட்டும் அதை வெறும் ஊசியாக மாற்றினார்கள். 68ஆவது வாரத்தில், தொடர்ந்தவர்களுக்கு மேலும் 7.9 சதவீதம் எடை குறைந்திருந்தது, மாற்றப்பட்டவர்களுக்கு 6.9 சதவீதம் திரும்பிவந்திருந்தது. ஊசியோடு போய்விடும் ஒன்றை அறம் என்று அழைப்பது அறத்துக்கு மரியாதை இல்லை. ஆனால் இதே கத்தி மறுபக்கமும் வெட்டும். டோஸைக் குறைத்ததும் ஸ்டீராய்டின் பசி போய்விடுகிறது என்றால், அந்தப் பசியும் குற்றம் இல்லை. இயல்பிலேயே மூன்று இட்லியில் வயிறு நிறைகிறவரின் நிலை என்ன? அவர் எதையும் பழகவில்லை, போராடவில்லை. உடம்பே அவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறது. அவருக்கும் பட்டம் கிடையாது.

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு கூரிய கருத்து வருகிறது. உணவை விலக்கியவனிடமிருந்து பொருள்கள் விலகிப்போகும், அவற்றின் மீதான சுவை மட்டும் தங்கிவிடும், பரம்பொருளைக் கண்டால்தான் அந்தச் சுவையும் போகும் என்பது அதன் சாரம். செமாக்ளூடைடு இந்த வரிசையைப் புரட்டிப்போடுகிறது. பொருள் இலையிலேயே இருக்கிறது, சுவை போய்விடுகிறது, பரம்பொருளை யாரும் காணவில்லை. ஆகவே ஊசியை ஆன்மிகத்தின் எதிரி என்று பதறுகிறவர்களும் சரி, அது துறவைச் சுலபமாக்கும் என்று குதூகலிப்பவர்களும் சரி, கீதை கேட்கும் கேள்விக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. சுவை ஏன் போனது என்பதுதான் அங்கே கேள்வி. அல்வா மீதான ஈர்ப்பு போன மனிதரிடம் பணத்தின் மீதான ஈர்ப்பு அப்படியே இருக்கலாம்.

நோன்பு இருக்கிறவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை. பசியே எடுக்காதவர் ஏகாதசி இருந்தால் அது விரதமா, ரமலானில் நோன்பு வைத்தால் அது நோன்பா? பசித்துத் துன்பப்படுவதுதான் நோன்பின் பலன் என்று நினைப்பவர் இல்லை என்பார். இஸ்லாத்தில் நோன்புக்கு அடிப்படை நிய்யத், அதாவது எண்ணம். பசியின் கடுமையை அளந்து யாரும் நோன்பைச் செல்லாது என்று சொல்வதில்லை. நோயாளி அதை வேறு நாட்களுக்குத் தள்ளிவைக்கவும் குர்ஆன் இடம் கொடுக்கிறது. நாலாம் நூற்றாண்டின் இறுதியில் தன் வாக்குமூலங்களின் பத்தாம் நூலை எழுதிய புனித அகஸ்டீனும் உணவை மருந்துபோல உண்ணப் பழகுவதைப் பற்றிச் சொல்லிவிட்டு, உடனே தன்னையே சந்தேகிக்கிறார். கேட்பது உடம்பின் தேவையா, இன்பத்தின் ஏய்ப்பா என்று தெரிவதில்லை, அந்தத் தெளிவின்மையையே ஆன்மா சாக்காக வைத்துக்கொண்டு மகிழ்கிறது என்கிறார். என் வாதத்தின் மீது வைக்கக்கூடிய மிகக் கடுமையான ஆட்சேபம் இதுதான். "எல்லாம் ஸ்டீராய்டு" என்பது உண்மையாகவும் இருக்கலாம், அதே சமயம் வசதியான சாக்காகவும் இருக்கலாம். ஆனால் அகஸ்டீன் இந்தச் சோதனையைத் தன் மீதுதான் நடத்துகிறார். உள்ளே இருந்து கேட்டால் மட்டுமே அர்த்தமுள்ள கேள்வி இது. பந்தியின் மறுமுனையில் உட்கார்ந்திருப்பவர் அதைக் கேட்க முடியாது, அவருக்கு வேண்டிய சான்று எதுவும் அவர் கையில் இல்லை.

சான்று இல்லாமல் கேட்பதால் வரும் சேதம் மனவருத்தத்தோடு முடிந்தால் பரவாயில்லை. வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவரின் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டுவிடும். முகம் உப்பியதையும் ஊர்வாயையும் தாங்காமல் ஒருவர் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால், உடம்பில் கார்டிசால் இல்லாமல் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து வரலாம். செமாக்ளூடைடும் சேர்ந்திருந்தால் நிலைமை இன்னும் குழப்பமாகிறது. ஊசியால் வாந்தி வந்தால் விழுங்கிய ப்ரெட்னிசலோனும் வெளியே போய்விடக்கூடும். குமட்டல், பசியின்மை, சோர்வு, எடை இறங்குதல் ஆகியவை ஊசியின் வழக்கமான விளைவுகள். கார்டிசால் குறைந்துபோனதன் அறிகுறிகளும் அச்சு அசலாக அவைதான். "பரவாயில்லையே, இந்தத் தடவை வாயைக் கட்டிட்டியே" என்று மெச்சப்படுகிற உடம்பு உண்மையில் சரிந்துகொண்டிருக்கலாம். ஆகவே இரண்டு மருந்தையும் எடுக்கிறவர் இளைக்கத் தொடங்கினால் மருத்துவர் முதலில் விசாரிக்க வேண்டியது, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, யார் சொல்லியாவது நிறுத்திவிட்டாரா என்பதை.